நானும் ஸ்டெப்னியும்

மனுஷனுக்கு வயது ஏற ஏற இரண்டு நம்பிக்கைகள் பலப்பட்டுக்கொண்டே போகின்றன. ஒன்று, தனக்கு எல்லாம் தெரியும் என்பது; இன்னொன்று, தனக்கு ஒன்றும் வராது என்பது. சென்ற ஆண்டு அக்டோபர் மாதத்தில், அமெரிக்காவில், ஒரு சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இந்த இரண்டையும் நான் இழந்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் பெண் சுதாவும் மாப்பிள்ளையும் யூட்டா மாகாணத்தில் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறார்கள். நானும் என் சகதர்மிணி கமலாவும் மதுரையிலிருந்து போய் அவர்களோடு சில மாதங்கள் தங்கியிருந்தோம். ஒரு நாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளை மேஜையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, அதன் மேல் ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார்.

"மாமா, பாலைவனத்திலே மூணு நாள் கார்ப் பயணம். அனுமதிச் சீட்டுக்கு ஏகப்பட்ட போட்டி. மாசக்கணக்கா முன்னாலேயே வாங்கி வெச்சுட்டேன். நீங்களும் அத்தையும் வர்றீங்க" என்றார்.

"பாலைவனத்திலே ரோடு உண்டா?" என்று கேட்டேன்.

"உண்டுன்னும் சொல்லலாம், இல்லைன்னும் சொல்லலாம்" என்றார் மாப்பிள்ளை.

இடத்தின் பெயர் கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் எனக்கு நாலு சிமெண்டு பெஞ்சும், ஒரு சுண்டல்காரனும் நினைவுக்கு வந்தார்கள். இந்தப் பூங்காவோ மூன்று லட்சம் ஏக்கருக்கு மேல்! கொலராடோ நதியும் கிரீன் நதியும் லட்சக்கணக்கான வருஷங்களாகப் பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்குகள். இரண்டு நதிகளும் கூடுகிற இடத்துக்கு வடக்கே, ஒரு மேட்டு நிலம் தனியாக உயர்ந்து நிற்கிறது. அதற்கு 'ஐலண்ட் இன் த ஸ்கை' என்று பெயர். ஆகாயத் தீவு! அந்த மேட்டுக்கு 1,200 அடி கீழே, வெள்ளைப் பாறை விளிம்பு ஒன்று அதைச் சுற்றி ஓடுகிறது. அந்த விளிம்பின் மேல் போகிற மண்பாதைதான் 'ஒயிட் ரிம் ரோடு'. நீளம் 100 மைல்.

பாலைவனத்தில் பாதை போட வேண்டிய அவசியம் யாருக்கு வந்தது என்று கேட்டேன். 1950-களில் அணுகுண்டுக்காக யுரேனியம் தேடி அலைந்தார்களாம். லாரி இறங்குவதற்காக மலைச் சரிவில் பாதை வெட்டினார்கள். இந்தப் பக்கத்தில் யுரேனியம் பெரிதாகக் கிடைக்கவில்லை. பாதை மட்டும் மிஞ்சியது. 1964-ல் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டு அந்தப் பிரதேசத்தைத் தேசியப் பூங்காவாக்கினார். குண்டு செய்யப் போட்ட பாதையில் இப்போது குடும்பத்தோடு போய் நிலா பார்க்கிறார்கள்.

மாப்பிள்ளை வரைபடத்தில் விரலை வைத்து ஒவ்வோர் இடமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். முதல் நாள் ஷேஃபர் சரிவில் கொண்டை ஊசி வளைவுகளாக இறங்குவது; ராத்திரி 'ஏர்போர்ட்' முகாம். இரண்டாம் நாள் மர்ஃபி ஹாக்பேக் என்ற மேட்டை ஏறி இறங்கி, கிரீன் நதிக் கரையில் 'பொட்டேட்டோ பாட்டம்' முகாம். மூன்றாம் நாள் ஹார்ட்ஸ்கிராபிள் என்ற பாறை மேட்டைத் தாண்டி, மினரல் பாட்டம் வளைவுகளில் ஏறி வெளியே வருவது.

கமலா அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், "ஏர்போர்ட்டிலே காபி கிடைக்குமில்லையா?" என்றாள்.

"அத்தை, அங்கே விமானமும் வராது, காபியும் வராது. பக்கத்திலே ஒரு பாறை விமான நிலையக் கோபுரம் மாதிரி நிக்குது. அதனாலே அந்தப் பேர்."

"அப்போ உருளைக்கிழங்கும் கிடைக்காதுன்னு சொல்லு" என்று பேரன் அருணிடம் சொல்லிவிட்டு, அவள் அந்த நிமிஷமே எத்தனை படி அரிசிக்குப் புளியோதரை கலக்க வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.

இந்தக் கட்டத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மதுரைப் பக்கம் பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்தவன். டைம்கீப்பராகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றேன். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிற பஸ் எந்த வளைவில் எத்தனை மணிக்கு வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்பேர்ப்பட்டவனிடம் ஒருவர் மலைப்பாதையைப் பற்றிப் பாடம் நடத்தினால் எப்படி இருக்கும்? முகத்தில் ஒரு புன்னகையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் மாப்பிள்ளை சொல்லச் சொல்ல, புன்னகை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

அந்த 100 மைலில் ஒரு கடை கிடையாது. குடிதண்ணீர் ஒரு சொட்டுக் கிடையாது. மோவாப் என்ற ஊரை விட்டால் பெட்ரோலும் கிடையாது. டெலிபோன் அநேகமாக வேலை செய்யாது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியாக இருக்க வேண்டும். வண்டியின் அடிவயிறு பாறையில் இடிக்காத உயரத்தில் இருக்க வேண்டும். வண்டி வழியில் நின்றுபோனால் இழுத்து வருவதற்கு மட்டும் ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். ஆகையால் தனி வண்டியாகப் போகக்கூடாது என்று மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவரும் தம் மனைவி, இரண்டு குழந்தைகளோடு இன்னொரு வண்டியில் வருவதாக ஏற்பாடு. அவர்கள் வீட்டு நாய்க்குத்தான் அதிர்ஷ்டமில்லை. அந்தப் பாதையில் நாய் வண்டிக்குள் உட்கார்ந்து வருவதற்குக்கூட அனுமதி கிடையாதாம்.

தண்ணீர்க் கணக்கை நான் போட்டேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். நாங்கள் ஐந்து பேர், மூன்று நாள், 60 லிட்டர். "ஒரு நாள் கூடச் சேத்துக்கோங்க மாமா. மாட்டிக்கிட்டா அந்த ஒரு நாள்தான் உயிர்" என்றார் மாப்பிள்ளை. 80 லிட்டர் ஆயிற்று. ஏறக்குறைய ஓர் ஆள் எடை!

மழையைப் பற்றியும் சொன்னார். தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்குமாம். எங்கேயோ இருபது மைலுக்கு அப்பால் பெய்த மழை, காய்ந்து கிடக்கிற ஓடையில் திடீரென்று செம்மண் வெள்ளமாக வந்து நிற்குமாம். வைகையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புரியாதா? ஓடைக்குள் வண்டியை நிறுத்தக்கூடாது, வெள்ளம் வந்தால் வடிகிற வரையில் காத்திருக்க வேண்டும், களிமண் நனைந்துவிட்டால் காய்கிற வரையில் ஓட்டக்கூடாது. 2010 ஆகஸ்டில் பெய்த மழையில் மினரல் பாட்டம் வளைவுகளே அடித்துக்கொண்டு போய்விட்டன. அவற்றை மறுபடி கட்டித்தான் பாதையைத் திறந்தார்களாம்.

இன்னொரு வேடிக்கை. இந்த மாதிரிப் பயணத்துக்கு 'ஆஃப்-ரோடு' என்று பெயர். ஆனால் ரோட்டை விட்டு ஓர் அங்குலம் இறங்கக்கூடாது! ஓரத்து மண்ணின் மேல் கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கிறதே, அது வெறும் மண் இல்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சேர்ந்து கட்டியது. மண் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருப்பதே அதுதான். ஒரு தடவை சக்கரம் ஏறினால் பழைய நிலைக்கு வரப் பல பத்து வருஷங்கள் ஆகுமாம். விறகு மூட்டக்கூடாது, குப்பையை விட்டு வரக்கூடாது. கமலா இதை மட்டும் ரொம்பவும் மெச்சிக்கொண்டாள்.

இப்படி ஒரு வாரம், ராத்திரிதோறும் அந்த மேஜையில் சபை கூடியது. மண்வெட்டி, இழுக்கிற பட்டை, மணலில் ஜாக்கி புதையாமல் இருக்க அடியில் வைக்கிற பலகை, டயருக்குக் காற்றடிக்கிற சின்ன இயந்திரம், முதலுதவிப் பெட்டி, காகித வரைபடம் என்று ஜாபிதா நீண்டுகொண்டே போயிற்று. டயரில் 35 பவுண்டு இருக்கிற காற்றை அங்கே இறங்குவதற்கு முன் 25-க்குக் குறைக்க வேண்டும், அப்போதுதான் டயர் பாறையைக் கவ்விப் பிடிக்கும் என்றார் மாப்பிள்ளை. அங்கேதான் எனக்குச் சந்தர்ப்பம் கிடைத்தது.

"எல்லாம் சரி மாப்பிள்ளை. ஸ்டெப்னியைக் கழற்றிப் பார்த்தீங்களா?"

"ஸ்டெப்னிக்கு என்ன மாமா? புது டயர். வண்டி வாங்கினதிலேருந்து ஒரு தடவைகூட மாட்டினதில்லை."

"அதனாலேதான் கேக்கறேன்" என்றேன்.

எங்கள் டிப்போவில் ஒரு தடவை நடந்தது. மழை நாளில் மலையேறிய பஸ் ஒன்று பாதி வழியில் பஞ்சர். ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் அதில் காற்றே இல்லை. கைக்குழந்தைக்காரிகள் உட்பட அத்தனை பிரயாணிகளும் ராத்திரி முழுவதும் குளிரில் விறைத்தார்கள். மறுநாள் அந்த டிரைவர் என்னிடம் வந்து, "சார், பாக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அந்த வார்த்தையை நான் மறந்ததே இல்லை.

மறுநாள் காலையில் மாப்பிள்ளையும் நானும் வண்டிக்கு அடியிலிருந்து ஸ்டெப்னியை இறக்கினோம். பளபளவென்று புது டயர். காற்றுமானியை வைத்துப் பார்த்தால் 12 பவுண்டு! வால்வில் ஒழுக்கு. மாப்பிள்ளையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைக் கேட்பானேன்? பேரனை அருகில் அழைத்து நிறுத்தி வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்தேன்.

"பாத்துக்கோடா அருண். மேலே பாத்தா புதுசு. உள்ளே காத்து இல்லே. ஓடற டயர் தன் குறையை உடனே சொல்லிடும். ஸ்டெப்னி சொல்லாது. நடுக்காட்டிலேதான் சொல்லும்."

வால்வை மாற்றிக் காற்றடித்து, இரண்டு நாள் வைத்திருந்து மறுபடியும் பார்த்து, அது இறங்கவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகே மாட்டினோம். வீட்டில் என் மதிப்பு ஒரு முழம் உயர்ந்தது.

கடைசியாக வந்தது ஒரு காகிதம். பிரயாணத்தில் வராத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டியது. இரண்டு வண்டிகளின் நிறம், எண், போகிறவர்களின் பெயர், எந்த ராத்திரி எந்த முகாம், எத்தனை மணிக்கு வெளியே வந்து போன் செய்வோம், எத்தனை மணி வரையில் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தது.

"இது இல்லாமே போகவே கூடாது மாமா. '127 ஹவர்ஸ்' படம் பாத்தீங்களே, அந்த மனுஷன் செஞ்ச தப்பு இதுதான்."

பார்த்திருந்தேன். 2010-ல் வந்த படம், நம் ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்தது. ஆரன் ரால்ஸ்டன் என்ற வாலிபர் 2003 ஏப்ரலில், கேன்யன்லாண்ட்ஸுக்கு மேற்கே ப்ளூஜான் என்ற குறுகிய பள்ளத்தாக்கில் தனியாக இறங்கினார். ஒரு பாறை உருண்டு அவருடைய வலது கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. எங்கே போகிறேன் என்று ஒருவரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. 127 மணி நேரம் கழித்துத் தம் கையைத் தாமே அறுத்துக்கொண்டு உயிர் தப்பினார். ஒரு துண்டுக் காகிதம் எழுதி வைத்திருந்தால் ஒருவேளை கை தப்பியிருக்கும்.

அந்தக் காகிதத்தில் ஒரு கட்டம் இருந்தது. ஒவ்வொருவருக்கும் என்ன வியாதி, என்ன மருந்து என்று எழுதுவதற்கு. கமலா தன் முழங்கால் வலியை நாலு வரி எழுதச் சொன்னாள். என் முறை வந்தது.

"ஒன்றுமில்லை" என்று எழுதினேன்.

அங்கேதான் நான் பொய் சொன்னேன். புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பு, மதுரையில் மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்தது. டாக்டரிடம் தனியாகப் போனேன். ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம், ஊருக்குப் போய் வந்ததும் ஆஞ்சியோ பார்த்துவிட வேண்டும், அதுவரையில் மேடு ஏறக் கூடாது என்று சொல்லி, நெஞ்சு பிடித்தால் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ள மாத்திரை கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் ஒளித்து வைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டேன். கமலாவுக்கே தெரியாது. சொன்னால் பிரயாணமே நின்றுவிடும். பெண்ணைப் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மனசு தன்பாட்டில் டைம்கீப்பர் வேலையை ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் நாள் மத்தியானம் மர்ஃபி மேட்டில் எனக்கு நெஞ்சு பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னாலும் ஏறக்குறைய ஐம்பது மைல், பின்னாலும் ஐம்பது மைல். அந்தப் பாதையில் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் போனால் அதிகம். தார் ரோட்டைத் தொடவே நாலைந்து மணி நேரம். அப்புறம் மோவாப் ஆஸ்பத்திரி. ராத்திரியானால் அந்த விளிம்பில் ஓட்டவே முடியாது. ஓட்டுகிறவர் மாப்பிள்ளை, பின் ஸீட்டில் சுதா, அவள் பக்கத்தில் பத்து வயதுப் பையன். பின்னால் இன்னொரு குடும்பம், அதில் இரண்டு குழந்தைகள். அத்தனை பேரும் எனக்காக, இருட்டில், பள்ளத்தின் ஓரத்தில்.

முப்பத்திரண்டு வருஷம் எத்தனையோ டைம் ஷீட் போட்டிருக்கிறேன். இப்படி ஒன்று போட்டதில்லை.

'பாக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு' என்ற அந்த டிரைவரின் குரல் காதில் கேட்டது. பேரனுக்கு நான் செய்த பிரசங்கமும் கூடவே கேட்டது.

காலையில் சுதா காபி கலந்துகொண்டிருந்தாள். காகிதத்தை எடுத்து 'ஒன்றுமில்லை' என்பதை அடித்துவிட்டு, உள்ளதை எழுதி அவள் முன்னால் வைத்தேன். படித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏம்ப்பா சொல்லலே?"

"சொன்னா வர வேண்டாம்னு சொல்லிடுவேன்னு..."

"வர வேண்டாம்னு சொல்றது எனக்குக் கஷ்டமாப்பா? அங்கே நடுவிலே உங்களை மடியிலே போட்டுக்கிட்டு நான் என்ன..."

அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. இன்று வரையில் முடிக்கவில்லை.

கமலா ஒரு வார்த்தையும் பேசவில்லை. நேரே போய், ஆணியில் தொங்கிய என் சட்டைப் பையிலிருந்து மாத்திரைச் சீசாவை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அது என் வசம் திரும்பவில்லை.

அன்றே டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். பரிசோதித்துவிட்டு, மருந்தை மாற்றிக் கொடுத்தார். ஊருக்குப் போகலாம், காரில் போகலாம், சமதரையில் மெதுவாக நடக்கலாம்; ஆனால் ஆஸ்பத்திரியை விட்டு வெகு தூரத்தில் மூன்று நாள் என்பது கூடவே கூடாது என்றார். மாப்பிள்ளை அனுமதிச் சீட்டை ரத்து செய்துவிடுவதாகச் சொன்னார்.

"செய்யக்கூடாது" என்றேன். "பஸ்ஸிலே ஒரு ஆள் இறங்கினா சர்வீஸை நிறுத்தறதில்லே. நாங்க ரெண்டு பேரும் மோவாப்லே இருக்கோம். அந்தக் காகிதத்தை என் கையிலே குடுங்க."

வண்டியில் இப்போது மூன்று பேர். தண்ணீர் 48 லிட்டராகக் குறைந்தது. வெளியே வந்து போன் செய்ய வேண்டிய நேரம், ஞாயிறு மாலை ஐந்து மணி. அதற்கு மேல் மூன்று மணி நேரம் தாமதத்துக்கு ஒதுக்கினோம். காகிதத்தின் அடியில் மாப்பிள்ளை கொட்டை எழுத்தில் எழுதினார்: 'எட்டு மணிக்கு முன் யாரையும் கூப்பிட வேண்டாம். எட்டு மணிக்குப் பின் ஒரு நிமிஷமும் தயங்க வேண்டாம்.'

வீணாகக் கூப்பிட்டால், தேடி வருகிறவர்கள் ராத்திரியில் அந்தப் பாதையில் இறங்கித் தங்கள் உயிரைப் பணயம் வைக்க வேண்டும். கூப்பிட வேண்டியபோது கூப்பிடாவிட்டாலோ, சொல்ல வேண்டியதில்லை. அவர்களிடம் செயற்கைக்கோளுக்கு அபாய அறிவிப்பு அனுப்பும் கருவி ஒன்றும் இருந்தது. ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் 'உடனே வா' என்று அர்த்தம். அழுத்தாவிட்டால் சௌக்கியம் என்று அர்த்தமில்லை.

வியாழக்கிழமை எல்லோரும் மோவாப் போய்ச் சேர்ந்தோம். சாயங்காலம் தார் ரோட்டிலேயே ஆகாயத் தீவின் தென்கோடி வரையில் என்னையும் கமலாவையும் அழைத்துப் போனார்கள். விளிம்பில் நின்று கீழே பார்த்தேன். செக்கச் செவேலென்று பூமி பிளந்து கிடந்தது. வெகு கீழே, வெள்ளைப் பாறைக் கரை போட்ட சிவப்புச் சேலையை யாரோ உதறிப் போட்டாற்போல் ஒரு தளம். அதன் மேல் நூல் போல் ஒரு கோடு. ஒரே ஒரு வண்டி அதில் போய்க்கொண்டிருந்தது, எறும்பைவிடச் சிறியது. வெகு நேரம் பார்த்தும் அது நகர்ந்ததாகவே தெரியவில்லை. என் டைம் ஷீட் சரிதான் என்று புரிந்தது.

வெள்ளி காலை அவர்கள் புறப்பட்டுப் போனார்கள். அன்றும் மறுநாளும் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே ஓட்டல் அறையில் டெலிபோனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து அடித்தது. ஐந்தரை. ஆறு. மலைகள் சிவந்து, பிறகு கறுத்தன. ஏழு மணிக்கு நன்றாக இருட்டிவிட்டது.

"கூப்பிடுங்களேன்" என்றாள் கமலா.

"எட்டு மணின்னு எழுதியிருக்கு."

"நீங்களும் உங்க காகிதமும்! பெத்த பொண்ணு அங்கே இருட்டிலே..."

"நான் எழுதின காகிதம் இல்லே கமலா. அவங்க எழுதினது. எட்டு வரைக்கும் அவங்களாலே சமாளிக்க முடியும்னு நமக்குச் சொல்லிட்டுப் போயிருக்காங்க."

வாய்தான் சொல்லிற்று. கை டெலிபோனை இரண்டு தடவை எடுத்து எடுத்து வைத்தது. எட்டு மணிக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதி, மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். என் பெண், என் மாப்பிள்ளை, என் பேரன். வண்டியின் நிறம் நீலம். கடைசி முகாம் பொட்டேட்டோ பாட்டம். பஸ் தாமதமானால் டைம்கீப்பர் புஸ்தகத்தில் 'லேட்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவான். பஸ்ஸுக்குள் யாருடைய பெண் இருந்தாள் என்று அத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளாவது நினைத்துப் பார்த்ததுண்டா?

கமலா மாத்திரைச் சீசாவைக் கையில் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு முப்பத்தைந்துக்கு மணி அடித்தது.

"அப்பா, மேலே வந்துட்டோம். எல்லாரும் சௌக்கியம்" என்றது சுதாவின் குரல். அதற்கு மேல் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. டெலிபோனைக் கமலா பிடுங்கிக்கொண்டுவிட்டாள்.

ஒன்பது மணிக்கு மேல் அறைக்குள் புழுதி மண்டிய மூன்று உருவங்கள் நுழைந்தன. பேரன்தான் முதலில் ஓடிவந்தான்.

"தாத்தா! ஹார்ட்ஸ்கிராபிள்லே டயர் கிழிஞ்சு போச்சு! உன் ஸ்டெப்னிதான் மாட்டினோம்!"

பாறை மேட்டில் இறங்கும்போது கூரான கல் ஒன்று டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. சரிவில் ஜாக்கி வைக்க முடியாமல் சமதரை வரையில் அங்குலம் அங்குலமாக உருட்டிக்கொண்டு வந்து, பலகை போட்டு, ஸ்டெப்னியை மாட்டியிருக்கிறார்கள். அதற்கப்புறம் மாற்று டயர் இல்லையே! ஒவ்வொரு கல்லுக்கும் பயந்து பயந்து ஊர்ந்து வந்ததில் இரண்டரை மணி நேரம் தாமதம்.

"12 பவுண்டோட போயிருந்தா இந்நேரம் அங்கேயேதான் மாமா" என்றார் மாப்பிள்ளை. பிறகு சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க வந்திருந்தாலும் அங்கேயேதான். வெயில்லே ரெண்டு மணி நேரம். நீங்க சும்மா இருந்திருக்க மாட்டீங்க, ஜாக்கியைப் பிடுங்கியிருப்பீங்க" என்றார். மறுக்க முடியவில்லை.

மதுரை திரும்பியதும் ஆஞ்சியோ பார்த்து, அடைப்பு இருந்த இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது மாடிப்படி ஏறுகிறேன். அந்தக் காகிதம் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. பிரயாணம் என்றால் எதை எடுத்துப் போகிறோம் என்பதுதான் ஏற்பாடு என்று நினைத்திருந்தேன். நம்மால் எது முடியாது என்பதை ஒளிக்காமல் எழுதி, நம்மைத் தேடுகிறவர் கையில் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஏற்பாடு என்று அந்தப் பாலைவனத்துக்குள் போகாமலேயே தெரிந்துகொண்டேன்.

ஒரே ஒரு கஷ்டம். நான் தெரிந்துகொண்டதைக் கமலாவும் தெரிந்துகொண்டுவிட்டாள். இப்போதெல்லாம் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் புறப்பட்டால்கூட, எந்தக் கோபுர வாசல் வழியாகப் போய் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் செருப்பைப் போட வேண்டியிருக்கிறது!